தலைச்சோலையில் காயப்போட்ட படகு

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணனின் படம் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. அதற்காக அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். எங்களிடம் இருப்பதிலேயே தெளிவான படம் அதுதான். கல்யாணப் படத்தில் அண்ணி சிலை மாதிரி நிற்கிறார், பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்கு மூன்று கைகள் தெரிகின்றன. மகள் தேன்மொழியின் காதுகுத்துப் படத்தில் அவருடைய சட்டை இருக்கிறது, முகம் இல்லை. “அசையாம இருங்க” என்று போட்டோக்காரர் சொல்லும் அந்த நொடியில்தான் அண்ணனுக்கு மூக்கு அரிக்கும். அப்படிப்பட்டவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்றைக்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், ஸ்பேனரை மறந்துவிட்டுப் போய் எடுக்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

அண்ணன் பிறந்தது ஏற்காடு மலையில் தலைச்சோலையில், எஸ்டேட் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில். எங்கள் முன்னோர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்காக மலை ஏறியவர்கள். அப்பாவும் அம்மாவும் பழம் பறித்தார்கள், மிளகு பறித்தார்கள், மழைக்காலத்தில் போர்வைக்குள் ஒடுங்கினார்கள். மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவர்களுக்கு அண்ணன் எப்படிப் பிறந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அண்ணன் ஜன்னல் பக்கம் போய்விடுவார். உப்பு வாங்கி வரச் சொன்னால் மாரமங்கலம் வரை நடந்துபோய், உப்பைத் தவிர மற்ற சேதியெல்லாம் கொண்டுவருவார்.

மீசை முளைக்கும் வயதில் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் லாரியில் கிளீனராக ஏறிப் போய்விட்டார். முதல் முறை அம்மா அழுது கண் வீங்கி உட்கார்ந்திருந்தபோது, ஒரு மூட்டை அன்னாசிப் பழத்தோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றார். இரண்டாம் முறை காய்ச்சலோடு வந்தார். அப்போது எனக்கு அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

“கடலைப் பாத்தேன் கண்ணு. லாரி மேல நின்னுக்கிட்டே பாத்தேன். அதுவும் என்னாட்டம்தான், ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்குது.”

இனி விட்டால் ஆள் கிடைக்க மாட்டார் என்று பயந்துதான் அவசரமாக மாரமங்கலத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அண்ணி அதே எஸ்டேட்டில் காப்பிக் களத்தில் வேலைக்கு வந்தார். பழத்தை வெயிலில் பரப்பிக் கிளறிக் காயவைக்கும் வேலை. ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்து, கலகலவென்று சத்தம் வந்தால்தான் “ஆச்சு” என்பார். அவர் ஆச்சு என்று சொன்ன காப்பியைக் கணக்கெழுதும் ரைட்டர் மறுபடி பார்க்க மாட்டார். அண்ணன் அங்கே பிட்டர். காப்பிப் பழம் உரிக்கும் மிஷின், டீசல் என்ஜின், ஜீப், டிராக்டர் எல்லாம் அவர் கையில். வேலை அவரை ஓட வைத்தது, அதனால் சில வருடங்கள் ஊரில் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல முடியும். சாயங்காலமானால் மலை விளிம்புக்குப் போய், கீழே ஊர்வது மாதிரி தெரியும் சேலம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அண்ணி களத்திலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இனிமேல்தான் படகு வருகிறது.

எஸ்டேட்டை அப்போது வைத்திருந்தவர் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் நாட்டுக்காரர்தான் என்றாலும் பழக்கத்தில் எல்லோரும் துரை என்றே கூப்பிட்டோம். யாரோ வெள்ளைக்காரர் சென்னையில் விட்டுப்போன பழைய மரப் படகு ஒன்றை அவர் வாங்கி, குளிர்ந்த இடத்தில் நிதானமாகப் பழுது பார்க்கலாம் என்று லாரியில் ஏற்றித் தலைச்சோலைக்குக் கொண்டுவந்துவிட்டார். கடலில் இருந்த படகை மலைக்குக் கொண்டுவந்த புத்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஏற்காடு ஏரியில் காலால் மிதித்து ஓட்டுகிறோமே, அந்த மாதிரிப் படகு இல்லை இது. பாய் விரித்து நாள்கணக்கில் கடலில் போகிற படகு. உள்ளே இரண்டு பேர் படுக்கப் பலகைக் கட்டில், சமைக்க ஒரு சின்ன மேடை, குனிந்து நிற்க ஒரு கூரை. துரை ஒரு கோடைக்காலம் அதைச் சுரண்டிப் பார்த்தார், அப்புறம் அலுத்துவிட்டது. மகனோடு இருக்க வெளிநாடு போகும்போது, “பிட்டர், இத நீயே வெச்சுக்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் இருந்தார், படகைப் பார்த்துக்கொள்ள அண்ணன் இருந்தார்.

அன்று முதல் வேலை முடிந்ததும் அண்ணன் மலை விளிம்புக்குப் போகவில்லை, படகு நின்ற எஸ்டேட் ஷெட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் அது பெரிய மாற்றம். மகன் விட்டுவிட்டு ஓடக் கூடாது என்று அம்மா முருகனை வேண்டிக்கொண்டதுதான் படகாக வந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

காப்பித் தோட்டத்துக்காரர்களுக்கு ஈரம்தான் எதிரி. ஈரம் பட்டால் கொட்டை பூசணம் பிடிக்கும், மரம் உளுக்கும், கூரை ஒழுகும், குழந்தைக்குச் சளி பிடிக்கும். படகுக்கும் அப்படித்தான் என்று நாங்கள் யாரும் யாரையும் கேட்காமலே முடிவு செய்துவிட்டோம். அண்ணன் படகைக் கல் மேல் தூக்கி நிறுத்தினார். ஷெட்டைச் சுற்றி மழைச் சாரல் நுழையாமல் படுதா கட்டினார். மூடுபனிக் காலத்தில் அண்ணி படகுக்கு அடியில் காப்பி உமியைக் கொட்டி மெல்லப் புகை போடுவார். விரலை மடக்கிப் பலகையைத் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று சத்தம் வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். “நொம்ப நல்லாக் காஞ்சிருக்குதுங்க” என்று அண்ணனிடம் சொல்வார். அந்த மலையிலேயே எங்கள் படகு மாதிரிக் காய்ந்த மரம் வேறு எதுவும் கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

காயக் காயப் பலகைகளுக்கு நடுவில் சந்து விட்டது. வயசான படகு, விடத்தான் செய்யும் என்றார் அண்ணன். பஞ்சைத் திரித்து உளியால் அடித்து உள்ளே இறக்கினார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினார். அடுத்த வருடம் பக்கத்தில் சந்து விட்டது, அதையும் அடைத்தார். அதற்கடுத்த வருடம் முதலில் அடைத்ததே ஆடியது. ஏற்காட்டில் இரும்புக்கடை வைத்திருந்த காதர் பாய்தான் ஆணியும் குங்கிலியமும் தருவித்துக் கொடுத்தார். “பிட்டரே, நீங்க படகுக்குப் பல்லு கட்டறீங்களா, இல்ல தெனம் பிடுங்கறீங்களா?” என்று கேட்பார். ஆனால் சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணன் சொன்னதை மறக்காமல் வாங்கி வந்துவிடுவார்.

என்னையும் விடவில்லை. வாழவந்தியில் கட்டிக்கொடுத்த பிறகு நான் ஏற்காட்டில் தையல் கடை போட்டிருந்தேன். பழைய பாய்த்துணியை எலி தின்றுவிட்டது, புதிதாகத் தைத்துக் கொடு என்று அண்ணன் ஜீப் மேல் போடும் கனத்த துணியைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ரவிக்கை தைக்கிற மிஷினில் அதை ஓட்டினேன். ஊசி ஒடிந்தது, பெல்ட் அறுந்தது, வாய் வலிக்கத் திட்டினேன். எல்லாம் தைத்து முடித்த பிறகு, நனைந்தால் ஆளையே அமுக்கிவிடும் கனம் என்று தெரிந்தது. பாய்மரத்துக்கு எஸ்டேட்டில் காற்றில் விழுந்த ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கேட்டு வாங்கிச் சீவினார். ஊரில் அண்ணனுக்குக் கப்பக்காரர் என்று பேர் வந்தது. “கப்பக்காரரே, இன்னிக்கு அலை எப்பிடி?” என்று பஸ்ஸில் கேட்பார்கள். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். “இன்னிக்கு மூடுபனி சாஸ்திங்க, நாளைக்குத்தான்” என்பார்.

ஒருநாள் ஷெட்டில் அண்ணியும் நானும் தனியாக இருந்தோம். அவர் புகைக்கு உமி போட்டுக்கொண்டே சொன்னார்.

“படகு முடிஞ்சுதுன்னா உங்கண்ணன் இந்த ஊட்டுல இருக்க மாட்டாரு அம்மிணி. இது முடியாத வரைக்கும்தான் அவரு நம்மகிட்ட இருப்பாரு.”

“ஏனுங்க அண்ணி, அப்பறம் எதுக்கு நீங்களே பொகை போட்டுக் காப்பாத்தறீங்க?”

“உட்டா கெட்டுப் போயிருமே. அவரு ஆசையா வெச்சிருக்கற பொருளு.”

முடியவும் கூடாது, கெடவும் கூடாது என்ற அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அண்ணி அத்தனை வருடங்களும் புகை போட்டுக்கொண்டிருந்தார்.

தேன்மொழியைச் சேலத்தில் கட்டிக்கொடுத்த மறு வருடம் எஸ்டேட் கை மாறியது. புதிய முதலாளி சேலத்துக்காரர், நல்ல மனிதர், கணக்கான மனிதர். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்.

“பழம் எடுக்கறதுக்குள்ள ஷெட்டு எனக்குக் காலியாகோணுமுங்க. எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போங்க. இல்லாட்டி அறுத்து அடுப்புக்காச்சும் ஆகும்.”

அன்று முதல் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. காதர் பாயின் மச்சினிச்சி வீடு பரங்கிப்பேட்டையில் இருந்தது. அங்கே கடல் இருக்கிறது, படகை விட இடமும் கிடைக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். ஆனால் மிதக்குமா என்று பார்க்காமல் எப்படிக் கொண்டுபோவது? ஆவணியில் எஸ்டேட் ஏரி நிரம்பியிருந்தது. முதலில் அதில் விட்டுப் பார்ப்போம் என்று நாள் குறித்தார். நானும் வந்திருந்தேன். லைன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, உருட்டுக் கட்டைகளின் மேல் டிராக்டரால் தள்ளினார்கள். படகு தண்ணீரில் இறங்கியது. மிதந்தது. அண்ணன் வெறுங்காலோடு மேலே நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.

சாமான்களை அடுக்கி வைப்பதற்காக அண்ணியும் படகில்தான் இருந்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, உள்ள தண்ணி வருதுங்க.”

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கம் வரலைன்னு கேளுங்க.”

அண்ணியைப் பிடித்து இறக்குவதற்குள் படகு முட்டளவு குடித்துவிட்டது. கரையோரச் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்துவிட்டது. “கப்பக்காரருக்கு நீச்சல் தெரியுமுங்களா?” என்று யாரோ கேட்டார்கள், சிரிப்பு கிளம்பியது. நானே சிரித்துவிட்டேன், அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இழுத்துக் கரையேற்றப் பார்த்தார்கள், டிராக்டரின் அச்சு முறிந்ததுதான் மிச்சம். பாகம் சேலத்திலிருந்து வர வேண்டும். படகு அப்படியே தண்ணீரில் கிடந்தது.

அண்ணன் அதன் பிறகு ஏரிப் பக்கமே போகவில்லை. காலையில் கிளம்பி எங்கெங்கோ நடப்பார், இருட்டும் முன் வருவார், வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைவார். உட்காரச் சொன்னால் உட்காருவார், அடுத்த நிமிடம் எழுந்துவிடுவார். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய், “அறுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு ஆள் வருவதாக முடிவானது. “உங்கண்ணன நெனச்சாலே பயமா இருக்குது, வா” என்று அண்ணி ஆளனுப்பினார். நான் தையல் கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.

அறுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பாத்திரம் பண்டங்களையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணியும் நானும் ஏரிக்குப் போனோம். ஆளுக்கொரு குண்டானால் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். விளிம்பு தண்ணீருக்கு மேலே இருந்ததால் மொள்ளுவது வீணாகவில்லை. சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் இறைத்துவிட்டு, நனைந்த மெத்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தோம். மறுநாள் காலை மிச்சத்தை எடுக்கப் போனபோது படகு சேற்றை விட்டுக் கிளம்பி நிமிர்ந்து நின்றது. உள்ளே புதிதாகத் தண்ணீர் இல்லை.

அண்ணி ஏறி உள்ளே போனார். குனிந்து எல்லா இடத்தையும் தடவினார். பலகையைத் தட்டினார். ‘டங்’ என்று வரவில்லை, ‘தொப்’ என்று வந்தது. பலகைச் சந்துகளிலிருந்து நாங்கள் வருடக்கணக்கில் அடைத்த பஞ்சும் குங்கிலியமும், முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவது மாதிரி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன.

“அம்மிணி, ஊறுன கொட்டையாட்டம் ஊதியிருக்குது. பலகையும் பலகையும் தானா ஒட்டிக்கிச்சு.” பிதுங்கிய பஞ்சைக் கிள்ளி எடுத்துக்கொண்டே சொன்னார். “இது காப்பி இல்ல. இத நாம காயவே உட்டிருக்கக் கூடாது. தண்ணியிலயே கெடக்கோணும்.”

எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சந்து விட்டது படகின் வயசால் இல்லை, நாங்கள் போட்ட புகையால். காய வைத்து விரிசல் விட்டோம், விரிசலை அடைத்தோம், மறுபடி காய வைத்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணி படகின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். அதனால் நானே வாய் விட்டுச் சொன்னேன். “அண்ணி, நாம பேசாம இருந்துட்டா ஞாயித்துக்கெழம அறுத்துருவாங்க. அண்ணன் இங்கயே இருப்பாருங்க.”

“இருப்பாரு,” என்றார் அண்ணி. “ஆனா எப்பிடி இருப்பாரு?”

சேலையை உதறிக்கொண்டு எழுந்தவர் நேராக மிஷின் ஷெட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் கையில் ஒரு பெல்ட்டை வைத்துக்கொண்டு, அதை மாட்டாமலே நின்றிருந்தார்.

“ஏனுங்க, படகு ஒழுகலைங்க.”

“சும்மா இரு புள்ள.”

“நானு என்னிக்கு உங்ககிட்ட வெளையாடியிருக்கறன்? வந்து பாருங்க.”

அண்ணன் வந்தார். உள்ளே இறங்கி, பலகையின் மேல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். கன்னத்தை மரத்தில் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். வெளியே வந்தபோது சட்டை முழுக்கக் குங்கிலியப் பிசின், முகமெல்லாம் கண்ணீர். அண்ணி அவர் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

“அதுல ரெண்டு கட்டிலு இருக்குது. போறதுன்னா ஒன்னு எனக்கு.”

“ஒனக்கு பஸ்ஸுலயே தலை சுத்துமே புள்ள.”

“சுத்துனாச் சுத்தட்டும். நீங்க மட்டும் போறதுன்னா நானே ரம்பம் புடிச்சு அறுப்பேன்.”

அண்ணன் சரி என்று தலையாட்டினார். எங்கள் அம்மா வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் பலித்தது என்று நினைக்கிறேன்.

மரம் ஊதிய வேகத்தில், பலகைகளை உள்ளிருந்து வளைத்துத் தாங்கும் விலாக் கட்டை ஒன்று முறிந்திருந்தது. அண்ணன் அதைப் பிடுங்காமல் பக்கத்திலேயே பலா மரத்தில் ஒரு விலாவைச் சேர்த்து வைத்து ஆணி அடித்தார். முதலாளி விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஷெட்டுக்கு வைத்திருந்த கெடுவைத் தள்ளிக் கொடுத்தார். காதர் பாய் தெரிந்த லாரியைப் பேசிவிட்டார். டிராக்டர் அச்சும் வந்துசேர்ந்தது, புரட்டாசியில் படகை இழுத்து லாரியில் ஏற்றி மலை இறங்கினோம். பாய்மரத்தைத் தனியே மேலே கட்டி, நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது மலைச் சுவரை உரசப் பார்க்கும், அண்ணன் லாரியிலிருந்து குதித்து ஓடிப் போய் விலக்கிவிடுவார். கீழே இறங்கியதும் வெயில் அடித்தது. படகின் மேல் நனைத்த காப்பிச் சாக்குகளைப் போர்த்தியிருந்தோம். ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தினால் அண்ணி குடத்தோடு அடி பைப்புக்கு ஓடுவார். சின்னசேலத்தில் ஓடினார். விருத்தாசலத்தில் ஓடினார். “என்னம்மா, உள்ள மாடு இருக்கா?” என்று ஒருவர் கேட்டார். “படகுங்க, காஞ்சிரக் கூடாது” என்று அண்ணி சொன்னதைக் கேட்டு அவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பரங்கிப்பேட்டையில் கலியமூர்த்தி என்ற படகுக்காரர் எங்களைச் சேர்த்துக்கொண்டார். காதர் பாய் வீட்டுக்குத் தெரிந்தவர், அண்ணனை விட இளையவர், நாளடைவில் எங்களுக்கு இன்னொரு தம்பி. என் ஜீப் துணிப் பாயைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் மெல்லிசான துணியில் நானே இன்னொன்று தைத்துக் கொடுத்தேன். தை பிறந்து கடல் அடங்கியதும் அண்ணனும் அண்ணியும் முகத்துவாரத்தைத் தாண்டிப் போனார்கள். அண்ணி முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தார். திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “கடல்லயாவது அண்ணன் உக்காந்தாருங்களா?” என்பதுதான்.

“உக்காந்த மாதிரிதான் தெரிஞ்சுது அம்மிணி. கீழ பாத்தா காலை ஆட்டிக்கிட்டே இருக்கறாரு.”

அதன் பிறகு எட்டு ஒன்பது வருடங்கள் அவர்கள் வாழ்க்கை அப்படித்தான் ஓடியது. பழம் எடுக்கும் காலத்தில் தலைச்சோலை, அது முடிந்தால் பரங்கிப்பேட்டை. கடலூர் வரை போனார்கள், காரைக்கால் வரை போனார்கள். படகு புதுப்புது நோயாகக் காட்டியது. உப்புப் பட்டு இரும்பு ஆணிகள் பழுப்பாக அழுதன, ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செம்பு ஆணி அடித்தார். அடியில் சிப்பி ஒட்டியது, சுரண்டினார். மரத்தைத் துளைக்கும் புழு வந்தது, பலகையையே மாற்றினார். சரிசெய்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மலையில் இருக்கும்போது படகைப் பற்றிப் பேசுவார், கடலில் இருக்கும்போது பழம் உரிக்கும் பல்பர் மிஷினைப் பற்றிப் பேசுவார் என்று அண்ணி குறைபட்டுக்கொள்வார். ஆனால் அலைவதற்கு இரண்டு இடங்கள் கிடைத்த பிறகு அண்ணன் ஒருமுறைகூடச் சொல்லாமல் போகவில்லை.

சென்ற ஆண்டு தை மாதம் அடிப்பலகையைச் சுரண்டிப் பூசுவதற்காகப் படகைக் கரையேற்றிக் கலியமூர்த்தி வீட்டுக் கொல்லையில் நிறுத்தினார். பாதி சுரண்டியிருந்தபோது மூச்சு வாங்கியது. நுரையீரலில் கோளாறு என்றார்கள். சேலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று பக்குவமாகச் சொன்னார்கள். தலைச்சோலைக்குக் கொண்டுவந்தோம். எழுந்து நடக்க முடியாத அண்ணனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் சகிக்கவில்லை. உடம்பு படுத்துவிட்டது, விரல்கள் மட்டும் படுக்கவில்லை. கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தன.

“பங்குனி வெயிலு கண்ணு,” என்றார் என்னிடம். “அது அங்க காயுது.”

“கலியமூர்த்தி பாத்துக்குவாருங்கண்ணா.”

“அவன் கடலுக்குப் போயிருப்பான். காயுது. சந்து உட்டுரும்.”

வலி எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். படகு காய்வதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அண்ணி பொறுக்க முடியாமல் தேன்மொழியின் போனை வாங்கிக் கலியமூர்த்தியைப் பிடித்துவிட்டார். கடலிலிருந்து அப்போதுதான் வந்தவர், சோற்றில் கை வைத்திருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். அண்ணி போனை அண்ணன் காதில் வைத்துப் பிடித்தார். சத்தம் எங்களுக்கும் கேட்டது.

“அண்ணே, கேக்குதா? இந்தா ஊத்துறேன் பாருங்க.”

வாளி தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம். மறுபடி கிணற்றில் கயிறு இறங்கும் சத்தம், மறுபடி தண்ணீர். கலியமூர்த்தி ஊற்றிக்கொண்டே இருந்தார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தேன், அவை நின்றிருந்தன. என் வாழ்நாளில் அண்ணன் அசையாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

“போதுமுங்களா?” என்று அண்ணி கேட்டார்.

“வெய்யத் தாழ இன்னொருக்கா ஊத்தச் சொல்லு புள்ள,” என்றார் அண்ணன்.

மறுநாள் காலை அண்ணி காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் உறவில் ஒருவர், நல்ல மனதோடுதான், படகை மர விலைக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்றார். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அவரு இல்லைன்னு காய உட்டுருவனுங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிறார், தலை சுற்றச் சுற்றத்தான். அண்ணன் பாதியில் விட்ட அடிப்பலகையை அவரே சுரண்டி முடித்திருக்கிறார். என்னிடம் புதுப் பாய் ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போகப் போகிறாரா என்று கேட்டேன், “பாக்கலாம்” என்கிறார். பேச்சு எங்கள் அண்ணன் பேச்சு மாதிரியே இருக்கிறது.

படகு ஏரியில் முழுகிய அன்று சிரித்தவர்களும், உருட்டுக் கட்டை பிடித்துத் தள்ளியவர்களும் லைன் வீட்டு ஆட்களே, அவர்களுக்கு எங்கள் வணக்கம். காதர் பாய் குடும்பத்தார், கெடு தள்ளிக் கொடுத்த முதலாளி, வளைவுகளில் பொறுமையாக ஓட்டிய லாரிக்காரர், கடைசி நாட்களில் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டார், சோற்றை விட்டு எழுந்த கலியமூர்த்தி, எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். உங்களுக்குத் திருப்பிச் செய்ய எங்களால் ஆகாது. அதனால் நன்றியோடு நிறுத்திக்கொள்ளாமல் மேற்கொண்டு ஒன்று கேட்கவும் துணிகிறேன், எங்கள் குடும்பத்துக்கு அந்தத் துணிச்சல் உண்டு. எப்போதாவது சிதம்பரம் பக்கம் போனால் பரங்கிப்பேட்டையில் கலியமூர்த்தி வீட்டைக் கேளுங்கள். கொல்லையில் படகு நிற்கும், கிணற்றடியில் வாளி இருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். ஊறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டாம், அதை அண்ணி வந்து பார்த்துக்கொள்வார்.

தங்கை,
வாழவந்தி